பணம் காய்க்கும் மரம்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அரசுப் பணத்தை வைத்துச் செய்யப்படும் உடன்பாடுகளைப் பற்றியும், அவற்றில் கட்சிகள் போடும் இரட்டை வேடத்தைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கும்பகோணம் வாசகர்: தேர்தலுக்கு முன்பு ‘பணம் காய்க்கும் மரம் எதுவும் எங்களிடம் இல்லை’ என்று பேசிய அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தெரேசா மே, 2017 தேர்தல் முடிந்ததும் பத்து எம்.பி.க்களின் ஆதரவுக்காக 100 கோடி பவுண்டு கொடுத்தார் என்று படித்தேன். உண்மையில் நடந்தது என்ன?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 2017 ஜூன் 2 அன்று யார்க் நகரில் பி.பி.சி. தொலைக்காட்சி நடத்திய தேர்தல் நிகழ்ச்சியில், பல ஆண்டுகளாகத் தன் சம்பளம் அப்படியே நிற்கிறது என்று முறையிட்ட செவிலியர் ஒருவருக்குப் பதில் சொல்லும்போதுதான், குலுக்கினால் பணம் கொட்டும் மரம் எங்கும் கிடையாது என்ற பொருளில் தெரேசா மே பேசினார். அதற்கு ஆறு நாள் கழித்து நடந்த தேர்தலில் அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்கு 650 இடங்களில் 317 மட்டுமே கிடைத்தன. கையில் இருந்த பெரும்பான்மையும் போயிற்று. வடக்கு அயர்லாந்தின் டி.யு.பி. எனப்படும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியிடம் பத்து எம்.பி.க்கள் இருந்தார்கள்.

ஜூன் 26 அன்று பிரதமர் இல்லத்தில், தெரேசா மேயும் டி.யு.பி. தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டரும் பார்த்துக்கொண்டிருக்க, கன்சர்வேடிவ் கட்சியின் தலைமைக் கொறடா காவின் வில்லியம்சனும் டி.யு.பி.யின் ஜெஃப்ரி டொனால்ட்சனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இது கூட்டணி அரசு அல்ல. நம்பிக்கை வாக்கெடுப்பு, பட்ஜெட், நிதி மசோதாக்கள், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் சட்டங்கள், தேசப் பாதுகாப்பு ஆகியவற்றில் டி.யு.பி. அரசுக்கு ஆதரவாக வாக்களிக்கும். மற்றவற்றில் அதன் விருப்பம். பதிலுக்கு வடக்கு அயர்லாந்துக்குப் புதிய நிதியாக 100 கோடி பவுண்டு. சாலை முதலிய உள்கட்டமைப்புக்கு 40 கோடி, அகலப்பட்டை இணையத்துக்கு 15 கோடி, மருத்துவத் துறைச் சீரமைப்புக்கு 20 கோடி, மருத்துவத்திலும் கல்வியிலும் உடனடி நெருக்கடிக்கு 10 கோடி, கடும் வறுமை நிலவும் பகுதிகளுக்கு 10 கோடி, மனநல மருத்துவத்துக்கு 5 கோடி என்று கணக்கு பிரித்தே எழுதப்பட்டிருந்தது. கடைசி இரண்டும் ஐந்தாண்டுகளுக்கு, மற்றவை இரண்டாண்டுகளுக்கு.

இதைவிட என்னை உறுத்துவது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. ஜூன் 28 அன்று, அரசு ஊழியர்களின் சம்பள உயர்வுக்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பை நீக்கக் கோரி முக்கிய எதிர்க்கட்சியான லேபர் கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. யார்க் நகரில் கேள்வி கேட்ட அந்தச் செவிலியரின் சம்பளமும் இந்த உச்சவரம்புக்குள்தான் அடங்கியிருந்தது. திருத்தம் 323க்கு 309 என்ற கணக்கில் தோற்றது. டி.யு.பி.யின் பத்து வாக்குகளும் அரசின் பக்கம் விழுந்தன. அவை எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 313க்கு 319 என்று அரசு தோற்றிருக்கும். அதாவது, பத்து பேரின் ஆதரவுக்குப் பணம் இருக்கிறது, அந்த ஆதரவைப் பயன்படுத்திச் செவிலியருக்குப் பணம் இல்லை என்று தீர்மானம் போடவும் முடிகிறது. செப்டம்பர் மாதம் இதே ஊதியப் பிரச்சினையில் லேபர் கட்சி கொண்டுவந்த, அரசைக் கட்டுப்படுத்தாத தீர்மானத்தை ஆதரிப்பதாக டி.யு.பி. அறிவித்தது. விளைவு இல்லாத இடத்தில் ஊழியர் பக்கம், விளைவு உள்ள இடத்தில் அரசின் பக்கம். ஆகவே இந்தக் கதையில் வேடம் போட்டது ஒரு கட்சி மட்டும் அல்ல.

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்: இங்கே அப்போது பலரும் இதை வெளிப்படையான லஞ்சம் என்றே சொன்னார்கள். சட்டப்படி இதை யாரும் தடுக்க முடியவில்லையா?

பதில்: முயன்று பார்த்தார்கள். ஒப்பந்தம் சட்டவிரோதம் என்று தொடரப்பட்ட வழக்கை லண்டன் உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் விசாரணைக்கே ஏற்காமல் தள்ளிவிட்டது. அரசியல் கட்சிகள் ஒன்றுக்கொன்று ஆதரவு தருவதற்கு நிபந்தனை பேசுவது நாடாளுமன்ற முறையில் இயல்பானது என்பதே அரசுத் தரப்பின் வாதம். ஆனால் வேறொரு முனையிலிருந்து வந்த கேள்விக்கு அரசு இறங்கிவர வேண்டியிருந்தது. இந்தப் பணத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்க முடியாது என்பதை அரசு வழக்கறிஞர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

லஞ்சம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். பணம் எந்தத் தனிமனிதரின் பைக்கும் போகவில்லை. ஒப்பந்தத்தின் வாசகமும் தொகைகளும் அன்றைக்கே வெளியிடப்பட்டன. ஐரிஷ் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபேன்கூட, ஒப்பந்தத்தைக் கடுமையாகச் சாடினாலும், பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பதாண்டு மோதலின் காயங்கள் ஆறாத ஒரு சமூகத்தில் மனநல மருத்துவத்துக்கு 5 கோடி பவுண்டு ஒதுக்குவதைத் தவறு என்று யாரால் சொல்ல முடியும்? தவறு அங்கே இல்லை. அந்தத் தேவை ஜூன் 7ஆம் தேதியும் இருந்தது. ஆனால் ஜூன் 8க்குப் பிறகுதான் லண்டன் கண்ணில் பட்டது.

கொடுத்த காசுக்கு ஆளுங்கட்சிக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 15 அன்று தெரேசா மேயின் பிரெக்சிட் உடன்பாடு 432க்கு 202 என்று நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையில் தோற்றது, டி.யு.பி.யின் பத்து பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். மறுநாள் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதே பத்து பேர் அவரைக் காப்பாற்றினார்கள். கணக்கு 325க்கு 306. பத்தை இந்தப் பக்கம் கழித்து அந்தப் பக்கம் கூட்டினால் 315க்கு 316. ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்திருக்கும். நாற்காலியைக் காப்பாற்ற முடிந்தது, அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையை முடிக்க முடியவில்லை.

திண்டுக்கல் வாசகர்: ஸ்காட்லாந்தும் வேல்ஸும் ஏன் அவ்வளவு கொதித்தன? அவற்றுக்குப் பங்கு எதுவும் உண்டா?

பதில்: பிரிட்டனில் ‘பார்னெட் சூத்திரம்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. 1970களின் இறுதியில் கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயரால் அது வழங்குகிறது. அதிகாரப் பகிர்வுக்கு உட்பட்ட ஒரு துறையில், கல்வி என்று வைத்துக்கொள்வோம், இங்கிலாந்துக்கு லண்டன் அரசு கூடுதலாகச் செலவிட்டால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றுக்கும் தானாகவே பங்கு போகும். 2017இல் கொடுக்கப்பட்ட பணம் இந்தச் சூத்திரத்துக்கு வெளியே கொடுக்கப்பட்டது. நகர வளர்ச்சி ஒப்பந்தங்களுக்கு இப்படித்தான் கொடுக்கிறோம் என்பது அரசு சொன்ன சமாதானம். அதே அளவுகோலில் மக்கள்தொகைப்படி கணக்கிட்டால் ஸ்காட்லாந்துக்குச் சுமார் 290 கோடியும் வேல்ஸுக்குச் சுமார் 167 கோடியும் வந்திருக்க வேண்டும் என்று அந்த நாடுகளின் தலைவர்கள் வாதிட்டார்கள். வேல்ஸின் முதலமைச்சர் கார்வின் ஜோன்ஸ், பலவீனமான பிரதமரைப் பதவியில் வைத்திருப்பதற்குத் தரப்பட்ட கைக்கூலி என்றே சாடினார். பின்வாசல் வழியாக வடக்கு அயர்லாந்துக்குப் பணம் போவதை ஏற்க மாட்டேன் என்று ஒப்பந்தத்துக்கு முன்பு சொல்லியிருந்த ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் டேவிட் மண்டெல், ஒப்பந்தம் வந்த பிறகும் பதவியிலேயே இருந்தார்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் இதை அசிங்கமான பேரம் என்று வர்ணித்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் சொந்தக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும். 2007 முதல் 2011 வரை ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் அது சிறுபான்மை அரசு நடத்தியபோது, ஆண்டுதோறும் பட்ஜெட்டை நிறைவேற்ற எந்தக் கட்சியிடம் போனது? பெரும்பாலும் கன்சர்வேடிவ் கட்சியிடம். கூடுதலாக ஆயிரம் காவலர்கள், நகர மையங்களைப் புதுப்பிக்க 6 கோடி பவுண்டு என்று கன்சர்வேடிவ்கள் கேட்டதெல்லாம் பட்ஜெட்டில் ஏறியது. 2009 ஜனவரி 28 அன்று பட்ஜெட் 64க்கு 64 என்று சமநிலையில் நின்று, சபைத் தலைவரின் வாக்கால் தோற்றது. ஒரே வாரத்தில் மீண்டும் கொண்டுவந்தார்கள். தொழிற்பயிற்சி இடங்களுக்குக் கூடுதல் பணம் என்ற வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு, முதல்முறை எதிர்த்த லேபர் கட்சி இரண்டாம் முறை ஆதரித்தது. எடின்பரோவில் இதற்குப் பெயர் பொறுப்பான சிறுபான்மை ஆட்சி. லண்டனில் நடந்தால் அசிங்கமான பேரம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

சேலம் வாசகர்: 2017 ஒப்பந்தத்தை லேபர் கட்சிதான் மிகக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கட்சியின் கை சுத்தமா?

பதில்: சுத்தமென்றால் டி.யு.பி.யின் அன்றைய நாடாளுமன்றத் தலைவர் நைஜல் டாட்ஸ் அப்படிச் சிரித்த முகத்தோடு பேசியிருக்க மாட்டார். ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் காமன்ஸ் சபையில் லேபர் உறுப்பினர்கள் கண்டனம் தெரிவித்தபோது, 2010இலும் 2015இலும் லேபர் கட்சியின் முன்வரிசைத் தலைவர்களும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியினரும் தங்களோடு நடத்திய பேச்சுகளின் குறிப்புகளை வெளியிட நேரிடலாம் என்று அவர் சொன்னார். பேரம் படியாததால் கிடைத்த பரிசுத்தம் என்று ஒன்று உண்டு. அது நெடுநாள் தாங்காது.

பழைய வரலாறு இன்னும் சுவையானது. 1966 ஜனவரியில் ஹல் வடக்குத் தொகுதியில் இடைத்தேர்தல். ஹரால்ட் வில்சனின் லேபர் அரசு விரல்விட்டு எண்ணக்கூடிய பெரும்பான்மையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொகுதியைப் போன தேர்தலில் லேபர் வென்றது சுமார் 1,200 வாக்கு வித்தியாசத்தில். ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் பாலம் வேண்டும் என்பது அந்த ஊரின் நெடுங்காலக் கோரிக்கை. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு போக்குவரத்து அமைச்சர் பார்பரா கேசில் ஹல் நகருக்கு வந்து, பாலம் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். லேபர் 5,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றது. மகிழ்ந்த வில்சன் இரண்டே மாதத்தில் பொதுத்தேர்தல் நடத்தி வசதியான பெரும்பான்மையும் பெற்றார். பாலம் 1981இல்தான் திறக்கப்பட்டது. இரு கோபுரங்களுக்கு இடையே மட்டும் 1,410 மீட்டர் நீளம். பதினேழு ஆண்டுகள் உலகிலேயே நீளமான தொங்குபாலமாக இருந்தது. அதன் அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிர்பார்த்த போக்குவரத்து இல்லை, கட்டிய கடனுக்கு வட்டி குட்டி போட்டது, கடைசியில் 15 கோடி பவுண்டு கடனை லண்டன் கருவூலம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதை அறிவித்தது ஒரு கன்சர்வேடிவ் நிதியமைச்சர். அன்று வாக்குறுதி கொடுத்தவர்களின் கட்சி எதிர்வரிசையில் அமர்ந்து அதை வரவேற்றது.

1979 மார்ச் 28 அன்று ஜேம்ஸ் கேலகனின் லேபர் அரசு 311க்கு 310 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முந்தைய நாள்களில் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. வேல்ஸின் பிளைட் கம்ரி கட்சியின் மூன்று எம்.பி.க்கள் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பலகைக்கல் சுரங்கங்களின் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் அதற்கு ஈடாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் தட்டிக்கழிக்கப்பட்ட அந்தத் தொழிலாளிகளுக்கு, அரசு மரணப்படுக்கையில் கிடந்தபோதுதான் நியாயம் கிடைத்தது. அதையும் பேரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் செய்தவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரை வாசகர்: முதியோருக்கான குளிர்காலப் படியை நிறுத்தியதும் மீண்டும் கொடுத்ததும் லேபர் அரசுதானே? இதற்கும் நீங்கள் சொல்லும் ஒப்பந்தத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நல்ல கேள்வி. தொடர்பு உண்டு என்பது மட்டுமல்ல, இரு பெரிய கட்சிகளும் எட்டே ஆண்டுகளில் ஒருவர் வசனத்தை இன்னொருவர் மனப்பாடமாக ஒப்பித்த காட்சி இதில்தான் முழுமையாகத் தெரிகிறது.

வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் செலவுக்காக முதியோருக்குக் குளிர்காலந்தோறும் 200 முதல் 300 பவுண்டு வரை தரும் இந்தப் படி, 1997இல் லேபர் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் கொண்டுவந்தது. 2017 தேர்தல் அறிக்கையில், வசதி உள்ளவர்களுக்கு இதை நிறுத்துவோம் என்றும், ஓய்வூதியம் ஆண்டுதோறும் விலைவாசி, சராசரிச் சம்பளம், 2.5 சதவீதம் ஆகியவற்றில் எது அதிகமோ அதன்படி உயரும் என்ற மூன்று உத்தரவாதங்களில் ஒன்றைக் கைவிடுவோம் என்றும் கன்சர்வேடிவ் கட்சி சொன்னது. லேபர் கொதித்து எழுந்தது. படியை நிறுத்தினால் ஏறத்தாழ 4,000 முதியோர் உயிரிழக்க நேரலாம் என்று ஒரு மதிப்பீட்டையும் வெளியிட்டது. தேர்தலுக்குப் பிறகு டி.யு.பி. ஒப்பந்தத்தில், படி எல்லா முதியோருக்கும் தொடரும், ஓய்வூதிய உயர்வுக்கான மூன்று உத்தரவாதங்களும் தொடரும் என்று எழுதிக்கொள்ளப்பட்டது. ஆக, 100 கோடிக்கு மேல், சொந்தத் தேர்தல் அறிக்கையின் இரண்டு வாக்குறுதிகளையும் கன்சர்வேடிவ் கட்சி விலையாகக் கொடுத்தது. நாடு முழுவதுக்கும் பொருந்தும் இந்தச் செலவு அந்த 100 கோடிக் கணக்கில் சேரவே இல்லை.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த லேபர் அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பதவியேற்ற மாதமே, முந்தைய அரசு 2,200 கோடி பவுண்டு பள்ளத்தை விட்டுச்சென்றது என்று சொல்லி, வறியோருக்கான உதவித்தொகை பெறும் முதியோர் தவிர மற்றவர்களுக்குப் படியை நிறுத்தினார். சுமார் ஒரு கோடி பேருக்கு அது நின்றது. ஏழு ஆண்டுக்கு முன்பு கன்சர்வேடிவ் அறிக்கையில் இருந்த அதே யோசனை, இன்னும் கடுமையான வரம்போடு. இப்போது கன்சர்வேடிவ் கட்சி கொதித்து எழுந்தது. குளிரில் நடுங்கும் முதியோரைப் பற்றி லேபர் 2017இல் பேசிய அத்தனையும் அந்தக் கட்சியின் வாயிலிருந்து வந்தது. லேபர் சொன்ன 4,000 என்ற கணக்கை எடுத்து லேபரின் முகத்திலேயே வீசினார்கள். செப்டம்பர் 10 வாக்கெடுப்பில் எதிர்க்கட்சியின் தீர்மானம் 348க்கு 228 என்று தோற்றது. லேபர் அணியில் அரசை எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோர் எல்லோருக்கும் படி மீண்டும் உண்டு என்று அரசே பின்வாங்கியது.

கோடீசுவர முதியவருக்கும் படி போக வேண்டுமா என்பது விவாதிக்கத்தக்க கேள்வி. என் கருத்தில் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த விவாதத்தை நடத்தும் தகுதியை இரண்டு கட்சிகளுமே இழந்துவிட்டன. ஒருவர் செய்யும்போது கொலை, தாம் செய்யும்போது நிதிப் பொறுப்பு என்று பேசியவர்களிடம் எந்த முதியவர் கணக்குக் கேட்பார்?

கோவை வாசகர்: தனியார் முதலீட்டில் மருத்துவமனை கட்டும் திட்டத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டும்; முதலிடத்தில் சேர்க்க வேண்டும். டி.யு.பி.க்குக் கொடுத்த 100 கோடிக்கு ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. பி.எஃப்.ஐ. எனப்படும் தனியார் நிதித் திட்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம்கூட எழவில்லை.

திட்டம் இதுதான்: மருத்துவமனையையோ பள்ளியையோ ஒரு தனியார் குழுமம் கடன் வாங்கிக் கட்டும், அரசு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தும். கட்டுமானச் செலவு பெரும்பாலும் அரசின் கடன் கணக்கில் ஏறாது. ஆகவே கட்டடம் இன்றைக்கு, அதைத் திறந்து வைக்கும் புகைப்படம் இன்றைக்கு, பில் மட்டும் அடுத்த தலைமுறைக்கு. 1992இல் இதை அறிமுகப்படுத்தியவர் கன்சர்வேடிவ் நிதியமைச்சர் நார்மன் லமான்ட். எதிர்க்கட்சியாக இருந்தபோது லேபர் இதைத் தனியார்மயத்தின் முதல் அடி என்று எதிர்த்தது. 1997 மே மாதம் ஆட்சிக்கு வந்தது. ஜூலைக்குள் மருத்துவமனைகளுக்கான தனியார் நிதிச் சட்டம் நிறைவேறியது. கென்ட் மாவட்டத்தில் டேரன்ட் வேலி மருத்துவமனைக்கு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளில் லேபர் கட்சி இத்திட்டத்தைக் கண்டுபிடித்தவர்களே வியக்கும் அளவுக்கு விரிவாக்கியது.

பிறகு கன்சர்வேடிவ் கட்சியின் முறை. எதிர்க்கட்சியில் இருந்த ஜார்ஜ் ஆஸ்பர்ன், இது பெயர் கெட்டுப்போன முறை என்றார். நிதியமைச்சரானதும் தொடர்ந்து ஒப்பந்தங்கள் போட்டார். 2012இல் பெயருக்குப் பின்னால் ‘2’ என்று ஓர் எண்ணைச் சேர்த்து மறு அறிமுகமும் செய்தார். தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 700க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்தன. கட்டடங்களின் மதிப்பு சுமார் 6,000 கோடி பவுண்டு. புதிதாக ஒரு ஒப்பந்தம்கூடப் போடாவிட்டாலும் 2040கள் வரை செலுத்த வேண்டிய தொகை 19,900 கோடி பவுண்டு. கட்டணத்தில் பராமரிப்பு, துப்புரவு முதலியவையும் அடங்கும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது முறையல்ல. ஆனாலும் தொகையின் கனம் புரியும். அதே மாதம் கரிலியன் நிறுவனம் திவாலாகி, லிவர்பூலிலும் பர்மிங்காம் அருகிலும் இரண்டு பெரிய மருத்துவமனைகள் பாதிக் கட்டடமாக நின்றன.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பாலத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். 1995இல் தனியார் முதலீட்டில் திறக்கப்பட்ட அந்தச் சிறிய பாலத்துக்கு வசூலித்த சுங்கம், ஐரோப்பாவிலேயே மிக அதிகமான பாலச் சுங்கங்களில் ஒன்று என்று பெயரெடுத்தது. சுங்கம் செலுத்த மறுத்த தீவுவாசிகள் மீது வழக்குகள் குவிந்தன. 2004 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு சுமார் 2.7 கோடி பவுண்டு கொடுத்து ஒப்பந்தத்தை மீட்டுக்கொண்டு சுங்கத்தை ஒழித்தது. பயணிகள் ஒன்பது ஆண்டு கட்டிய சுங்கம் அதற்கு மேல்.

2018இல் கன்சர்வேடிவ் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் இனிப் புதிய பி.எஃப்.ஐ. இல்லை என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு லேபர் மாநாட்டில் ஜான் மெக்டானல், இருக்கும் ஒப்பந்தங்களையும் அரசே எடுத்துக்கொள்ளும் என்று முழங்கியிருந்தார். 2025இல் அதே லேபர் கட்சியின் அரசு, அக்கம்பக்க நலவாழ்வு மையங்கள் கட்ட அரசு–தனியார் கூட்டுமுறையை மீண்டும் கையில் எடுத்தது. பழைய தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டோம் என்கிறார்கள். 1997இலும் 2012இலும் இதையேதான் சொன்னார்கள்.

காரைக்குடி வாசகர்: ஆளுங்கட்சி தன் தொகுதிகளுக்கே பணத்தைத் திருப்பிவிட்ட புகார் ஒன்றும் வந்ததே?

பதில்: 2019இல் அறிவிக்கப்பட்ட 360 கோடி பவுண்டு நகரங்கள் நிதியைச் சொல்கிறீர்கள். இங்கிலாந்தின் 541 நகரங்களை அதிகாரிகள் தேவையின்படி வரிசைப்படுத்தினார்கள். மேல்மட்டத் தேவை உள்ள 40 நகரங்கள் அப்படியே தேர்வாயின. மீதி 61 இடங்களை அமைச்சர்கள் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார்கள்; 535ஆம் இடத்தில் இருந்த சீடில் நகரும் அதில் இடம்பிடித்தது. கன்சர்வேடிவ் கட்சி குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வைத்திருந்த தொகுதி அது. அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக்கின் தொகுதியான நியூவார்க்கை அவருடைய துணை அமைச்சர் ஜேக் பெரி தேர்வு செய்தார். ஜேக் பெரியின் தொகுதியில் உள்ள டார்வனை ஜென்ரிக் தேர்வு செய்தார். தன் தொகுதிக்குத் தானே கையெழுத்திடக் கூடாது என்ற விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2020 நவம்பரில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு பட்டியல் வெளியானது தற்செயல் என்று நம்ப விரும்புபவர்கள் நம்பலாம்.

புதுச்சேரி வாசகர்: லிபரல் டெமாக்ரட் கட்சியை மட்டும் விட்டுவிட்டீர்களே?

பதில்: விடவில்லை. கல்லூரிக் கட்டணத்தை ஏற்ற மாட்டோம் என்று மாணவர்களிடம் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு 2010இல் கன்சர்வேடிவ்களோடு கூட்டணி சேர்ந்தார்கள், டிசம்பர் 9 அன்று உச்சவரம்பு 9,000 பவுண்டாக ஏறியது, 323க்கு 302, அவர்களுடைய எம்.பி.க்களில் 21 பேர் எதிர்த்தார்கள். தலைவர் நிக் கிளெக் 2012இல் மன்னிப்புக் கேட்டார். இதே கட்டண விவகாரத்தில் மற்ற இரு கட்சிகளின் கையும் சுத்தமில்லை. லேபர் 2001 அறிக்கையில் கட்டண உயர்வைக் கொண்டுவர மாட்டோம் என்று எழுதி, 2004இல் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் கொண்டுவந்தது. அப்போது எதிர்த்து வாக்களித்த கன்சர்வேடிவ் கட்சிதான் 2010இல் அதை மூன்று மடங்காக்கியது.

நாகர்கோவில் வாசகர்: டி.யு.பி.க்கு இன்னொரு முறை பேரம் பேசும் வாய்ப்பு வந்ததா?

பதில்: வந்தது. 2019 டிசம்பரில் போரிஸ் ஜான்சன் பெரும் வெற்றி பெற்றதும் பத்து பேரின் ஆதரவு தேவைப்படாமல் போய், பழைய உடன்பாடு காலாவதியானது. அதற்கு முந்தைய ஆண்டு டி.யு.பி. மாநாட்டுக்கே போய், வடக்கு அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் இடையில் சுங்க எல்லை வைக்க எந்தக் கன்சர்வேடிவ் அரசும் சம்மதிக்கக் கூடாது என்று பேசிய அதே ஜான்சன், பிரதமரானபின் அப்படி ஓர் எல்லைக்குச் சம்மதித்தார். அதை எதிர்த்து 2022 பிப்ரவரியில் டி.யு.பி. பெல்ஃபாஸ்டில் இயங்கும் வடக்கு அயர்லாந்து மாநில அரசிலிருந்து விலகியது. சட்டமன்றமும் அரசும் இரண்டாண்டுகள் முடங்கின. 2024 ஜனவரி 18 அன்று ஆசிரியர், செவிலியர், பேருந்து ஊழியர் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் சம்பளம் கேட்டு ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வுக்கான பணம் தயார், ஆனால் டி.யு.பி. அரசுக்குத் திரும்பினால்தான் தருவோம் என்று லண்டன் பிடிவாதமாக இருந்தது. டி.யு.பி. திரும்பியது; பிப்ரவரி 3 அன்று அரசு மீண்டும் அமைந்தது; 330 கோடி பவுண்டு வந்தது.

2017இல் கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். ஒரு கட்சி ஒரு முடிவெடுப்பதற்காக, அதுவும் ஊழியர்களின் சம்பளத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு, நிபந்தனையோடு தரப்பட்ட பணம். இந்த முறை லேபர் கட்சி உடன்பாட்டை ஆதரித்தது. கைக்கூலி என்ற சொல் வேல்ஸிலிருந்தும் வரவில்லை, எதிர்வரிசையிலிருந்தும் வரவில்லை. வடக்கு அயர்லாந்து மோதலை முடித்த 1998 அமைதி உடன்பாட்டின் அமைப்புகளை உயிர்ப்பிக்கத் தரப்பட்டது என்பது ஒரு காரணம். அது மதிக்கத்தக்க காரணம். அந்த ஆண்டே தேர்தல் வரவிருந்தது, அடுத்து ஆட்சிக்கு வந்தால் அதே பெல்ஃபாஸ்ட் அரசோடு தாங்களும் கணக்குப் பேச வேண்டியிருக்கும் என்பது லேபர் கட்சிக்குத் தெரிந்திருந்தது என்பது இன்னொரு காரணம்.